காலி வயிறு

மெத்வல்லியின் காலடி கேட்டதும் குளத்து வலைக்கூண்டில் இருந்த ஜிலேபி மீன் குஞ்சுகள் மொத்தமும் மேலே வந்து வாயைப் பிளந்தன.

அவன் அப்படியே நின்றுவிட்டான்.

நேற்றுக் காலையிலிருந்து அவற்றுக்குத் தீவனம் கிடையாது. இன்று தடுப்பூசி.

போன வருடமும் இப்படித்தான் வாயைப் பிளந்தன. மனசு கேட்கவில்லை. யாருக்கும் தெரியாமல் அங்கிப் பையிலிருந்து இரண்டு கைப்பிடி தீவனக் குருணையைத் தூவிவிட்டான். மறுநாள் கிராம்பு எண்ணெய் கலந்த மயக்கத் தொட்டியில் விட்டதும் மீன்கள் தின்றதையெல்லாம் கக்கின. கக்கியது செவுளில் போய் அடைத்துக்கொண்டது. ஊசி போட்டு நல்ல தண்ணீரில் விட்ட பிறகும் பாதிக்கு மேல் எழவேயில்லை. வெள்ளை வயிறு தெரிய மிதந்தவற்றை அவன்தான் அள்ளிப் புதைத்தான்.

அதனால்தான் மீன் டாக்டர் நிஹால் வந்து இறங்கியதுமே அவனுடைய அங்கிப் பைகளைத்தான் முதலில் பார்த்தாள்.

இரண்டு பைகளும் வெளியே இழுத்துவிடப்பட்டு, ஆட்டுக் காதுகள்போலத் தொங்கிக்கொண்டிருந்தன.

ஊசி மேசையைக் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். மீனுக்கு ஊட்டாமல் மெத்வல்லிக்குத் தொண்டையில் சோறு இறங்காதே, நேற்று எப்படித் தூங்கினானோ என்றாள் ஒருத்தி. அவன் சிரிக்கவில்லை.

டாக்டர் ஒரு குஞ்சைப் பிடித்துக் கத்தரியால் வயிற்றைக் கீறிப் பார்த்தாள். குடல் சுத்தமாக, வெறும் நூலாக இருந்தது. அவளுக்கே ஆச்சரியம்.

"டாக்டர், மயக்கத்துலேருந்து எல்லாரும் எழுந்திருவாங்கல்ல?"

நேற்று போனிலிருந்தே அவன் கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்தான். அவள் எண்ணெயை அளந்தபடி, திரும்பாமலே சொன்னாள்.

"எழும்ணே, எழும். என்னமோ பெத்த பிள்ளைய மாதிரி கேக்கறீங்க."

அப்போது கரையில் ஒரு வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது.

வீட்டிலிருந்து அவன் மனைவி சனா ஒரு துணிப்பையோடு வந்தாள். முன்னால் ஓடி வந்தது ஆறு வயது ஷஹத். பெருநாளுக்கு எடுத்த மஞ்சள் கவுனைப் போட்டிருந்தாள். வந்த வேகத்தில் வழக்கம்போல அப்பாவின் பைக்குள் கையை விடப் போனாள். பையே இல்லை. தொங்கிய துணியைத்தான் பிடிக்க முடிந்தது.

அவன் காதருகே வாயைக் கொண்டுபோய், ஒரே ஒரு வாய் ரொட்டி, அம்மாவிடம் சொல்லவே மாட்டேன் என்றாள். அந்தக் குரலில் ஏற்கெனவே கரகரப்பு. தொண்டையில் வளர்ந்த சதையை இன்று தாந்தா நகர ஆஸ்பத்திரியில் எடுக்கப் போகிறார்கள்.

மெத்வல்லி அவளைத் தூக்கிக் கூண்டைக் காட்டினான்.

"இவங்களைப் பாரு. இவங்களும்தான் சாப்பிடல. தூங்கி எழுந்ததும் உனக்கும் தருவேன், இவங்களுக்கும் தருவேன்."

ஷஹத் மீன்களைப் பார்த்தாள். மீன்கள் அவளைப் பார்த்து வாயைத் திறந்து மூடின. அவளும் திறந்து மூடினாள்.

டாக்டரின் கையில் இருந்த அளவுக் குடுவை அப்படியே நின்றது. மேசைப் பெண்களிடம் சிரிப்பில்லை.

டாக்டர் ஈரக் கையுறையைக் கழற்றிவிட்டு வந்து, குழந்தையின் தலையில் கை வைத்தாள்.

"எழுந்திருவாங்கண்ணே," என்றாள். "வயிறு காலியாத்தானே இருக்கு."