பின்சீட்டு

பின்னாலிருந்து வந்த கை முத்தையாவின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தது. இன்னொரு கை அவர் காதோடு சேர்த்து ஓங்கி அறைந்தது. அவர் அலறுவதற்குள் அதே கை பாய்ந்து ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தது.

டாக்சி கம்பி வேலியில் மோதி நின்றது. நெற்றி கண்ணாடியில் இடித்து, ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது.

சாங்கி விமான நிலையத்தில் ஏறிய பயணி அவள். சரக்குப் பிரிவு சீருடை. கழுத்து அட்டையில் சம்சுன்னிசா என்று பெயர். அவள் ஏறிய நேரத்தில்தான் முத்தையாவின் மனைவி பாக்கியலட்சுமி போனில் கத்திக்கொண்டிருந்தாள்.

“நேத்து போனவரு இன்னும் வரல. வந்து படுங்க!”

“படுத்துக் கெடந்தா மனுஷனுக்கு என்ன மதிப்பு? இன்னும் ரெண்டு டிரிப் லா.”

அதைக் கேட்டிருப்பாள். நேற்றிலிருந்து ஓட்டுகிறவனிடம் நிறையப் பணம் இருக்கும் என்று கணக்குப் போட்டிருப்பாள். முத்தையாவுக்கு ரத்தம் கொதித்தது. பின்கதவைத் திறந்து அவளை வெளியே இழுத்துப் போட்டார்.

“பட்டப்பகல்ல கொள்ளையா அடிக்கிறடி?”

முஷ்டி அவள் வாயில் இறங்கியது. உதடு கிழிந்து, பல் ஒன்று தெறித்தது. அவள் ஏதோ சொல்ல முயன்றாள், ரத்தம்தான் வந்தது. சாலையின் இடப்பக்க ஓரத்தில் இருந்த பேருந்து நிறுத்தத்தை நோக்கிக் கையை நீட்டினாள்.

“அங்க ஆள் வேற வச்சிருக்கியா?” விலாவில் உதைத்தார். அவள் சுருண்டாள். மறுபடி உதைக்கக் காலைத் தூக்கியபோது இரண்டு பேர் வந்து அவரைப் பிடித்து இழுத்தார்கள்.

போலீஸ் வந்தது. சார்ஜண்ட் ஆர்னால்ட் தமிழர்.

“எங்க வச்சு அடிச்சாங்க, அங்கிள்?”

“காலாங் எக்சிட்ல சார். விரைவுச்சாலைய விட்டு இறங்கினதும் முடியப் பிடிச்சுட்டா.”

“காலாங்கா? இது சிராங்கூன் ரோடு. நடுவுல மூணு சிக்னல் இருக்கே.”

முத்தையா வந்த வழியை நினைத்துப் பார்த்தார். ஒரு சிக்னல்கூட நினைவுக்கு வரவில்லை. பச்சையா, சிவப்பா, எதுவுமே இல்லை.

மெல்லத் திரும்பிப் பார்த்தார். பேருந்து நிறுத்தத்தில் பாலர் பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுடைய ஆசிரியை தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

சாலையில் கறுப்பாக டயர்த் தடம். அது அந்தப் பிள்ளைகளை நோக்கிச் சாய்ந்து போய், கடைசி நொடியில் வெடுக்கென்று வலப்பக்கம் திரும்பியிருந்தது.

சம்சுன்னிசாவை ஆம்புலன்சில் ஏற்றினார்கள். வாயில் பஞ்சு. அவள் கண்கள் அவரையே பார்த்தன. தன் கண்கள் எவ்வளவு எரிகின்றன என்பது அப்போதுதான் முத்தையாவுக்கு உறைத்தது.

“கொள்ளை முயற்சின்னு எழுதிக்கலாமா, அங்கிள்?”

முத்தையா டாக்சிச் சாவியை சார்ஜண்டின் கையில் வைத்து அழுத்தினார்.

“அவங்க என்னை அடிக்கல சார்... எழுப்பினாங்க.”