தருமனுக்கு ஏற்ற கூட்டம்

"குடிகாரன் கையில சுக்கானைக் குடுத்தா படகு கரை சேருமாடா? இன்னிலேருந்து நீ மூட்டை தூக்கு, போ!"

படகுக்காரர் சுப்பராயலு, கோட்டைத் துறையில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னார். உலாந்தாக்காரர், அதாவது டச்சுக்காரர், கப்பல்களிலிருந்து சரக்கு இறக்கும் படகில் பத்து வருடமாகச் சுக்கான் பிடிப்பவன் தருமன். அவன் போய் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டான்.

விஷயம் இவ்வளவுதான். குடியை விட்டவர்கள் ஒன்றாகக் கூடி உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொள்கிற இடம் பழவேற்காட்டுப் பக்கம் எங்காவது இருக்கிறதா என்று அவன் நாலு பேரிடம் விசாரித்திருந்தான். அந்தப் பேச்சு அவனுக்கு முன்னாலேயே துறைக்கு வந்துவிட்டது.

சாயங்காலம் பசியாவரத்தில் அவன் குடிசைக்குள் நுழைந்தபோது, நாள் முழுக்க ஏரியில் இறாலைக் கையால் தடவிப் பிடித்துவிட்டு வந்த அவன் மனைவி நாகம்மாள் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தாள். அவள் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"துறையில நடந்ததைக் கேள்விப்பட்டேன்யா. போதும், விட்டுடு. இருக்கிற மானமும் போவுது."

"போனா போவட்டும். திருப்பாலைவனத்துல ஒரு கூட்டம் இருக்குதாம். நாளைக்குப் போறோம்."

திருப்பாலைவனத்தில் கோயில் மண்டபத்தின் ஓரம் ஏழெட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்துக்குப் பெரியவர் வேதாசலம். குடியில் நிலத்தைத் தொலைத்து, பிறகு மீண்டவர். தருமனைப் பார்த்ததும் எழுந்து வந்து தோளில் கை வைத்தார்.

"வாப்பா. இங்க வந்து நிக்கிறியே, அதுவே பாதி ஜெயிச்ச மாதிரி. உக்காரு."

தருமன் உட்காரவில்லை. இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான்.

"இவங்க மட்டுந்தானுங்களா?"

"ஆமா. ஏன், இவங்களுக்கு இன்னா குறைச்சல்?"

"குறைச்சல் ஒண்ணும் இல்லீங்க. எங்களுக்கு ஒத்து வராது. மன்னிச்சுக்கங்க."

"விட மனசில்ல, சாக்கு சொல்றான்" என்றான் ஒருவன். வேதாசலம் நாகம்மாளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "பாவம்மா நீ. இப்படிப்பட்டவனை இழுத்துக்கினு இவ்ளோ தூரம் நடந்து வந்திருக்கியே!"

நாகம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தருமன் அவள் கையைப் பிடித்து வெளியே அழைத்துக்கொண்டு வந்துவிட்டான்.

அடுத்த வாரம் காட்டூர். அங்கே களத்துமேட்டில் ஐந்து உழவர்கள். அங்கும் தருமன் நின்றபடியே பார்த்தான், கும்பிட்டான், திரும்பினான். வழியில் ஒரு சாராயக் கடை. வாசனை தெருமுனையிலேயே வந்து மோதியது. இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக அதைக் கடந்தார்கள். அதற்குப் பிறகும் வெகு தூரம் அவர்கள் கைகளை விடவில்லை.

"இன்னும் எத்தினி ஊருய்யா?" என்றாள் நாகம்மாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"கிடைக்கிற வரைக்கும்."

துறையில் கேலி நிற்கவில்லை. மூட்டை தூக்கித் தூக்கித் தோல் உரிந்த தோளோடு அவன் விசாரித்துக்கொண்டே இருந்தான். கடைசியில், அவனோடு மூட்டை சுமக்கும் சந்தியாகுதான் சொன்னான்.

"ஏரிக்கு வடகரையில ஒரு கூட்டம் இருக்குதாம் தருமா. சனிக்கிழமை சாயங்காலம் கூடுறாங்களாம்."

"யார் யாரு?"

"எல்லாம் எறா பிடிக்கிற சனங்கதான். நாளெல்லாம் தண்ணியில கிடந்து, குளிருக்குன்னு கொஞ்சம் ஊத்திக்கினு, அப்புறம் விட முடியாமப் போனவங்க."

தருமன் இன்னொரு கேள்வி கேட்டான். சந்தியாகு பதில் சொன்னதும் மூட்டையை அப்படியே கீழே போட்டுவிட்டு அவனைக் கட்டிக்கொண்டான்.

சனிக்கிழமை வெயில் சாயும் நேரம். தருமன் தோணியை வடகரைச் சேற்றில் செருகினான். சற்றுத் தள்ளி, பனைமரங்களுக்கு அடியில் பேச்சுக்குரல்கள் கேட்டன.

"வாய்யா, போலாம்" என்றாள் நாகம்மாள்.

"இல்ல. நான் இங்கயே இருக்கேன்."

"எனக்குப் பயமா இருக்குது."

"எனக்கு இல்ல. பதினோரு நாளு! எவனால முடியும்? தலை நிமிர்ந்து போ."

அவள் நடந்தாள். கூட்டத்தை நடத்தும் எல்லம்மா எதிரே வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். பனைமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்திருந்த பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். நாகம்மாள் உட்காரவில்லை. தோணியருகே நின்ற புருஷனுக்கும் கேட்கும்படி, நிமிர்ந்து நின்று சொன்னாள்.

"என் பேரு நாகம்மாள். நான் சாராயத்தைத் தொட்டுப் பதினோரு நாளாவுது. அதோ நிக்கிறாரே, ஊரே குடிகாரன்னு சொல்ற என் வூட்டுக்காரரு, அவரு பொறந்ததுலேருந்து ஒரு சொட்டு தொட்டதில்ல!"