பாலம் தாண்டும் வண்டி

“அணைக்கரைப் பாலத்தத் தாண்டிட்டா போதும் நீலமேகம். அதுக்கு அந்தாண்ட நான் பாத்துக்கிறேன்” என்றார் மிராசுதார் பஞ்சநதம்.

மிராசுதார் வீட்டுக் கொல்லையில், நெல் அறையை ஒட்டி நின்ற காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த மெக்கானிக் நீலமேகத்தின் கை ஸ்பானரோடு நின்றது. அவன் தம்பி தங்கையன் அந்தப் பாலத்துக்கு அந்தாண்டதான், மாமன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பான் என்று அம்மா காலையில்தான் காதோடு சொல்லியிருந்தாள்.

அறுப்புக் கூலியை ஏற்றிக் கேட்டுச் செங்கொடி பிடித்தவன் தங்கையன். பக்கத்துப் பண்ணையில் வைக்கோல் போர் எரிந்ததும் பழி அவன் தலையில் விழுந்தது. கோட்டையில் ஆட்சி மாறி என்ன, பண்ணையில் மாறவில்லையே. அரிவாளும் கம்புமாகப் பண்ணை ஆட்கள் ஊர் ஊராக அவனைத் தேடினார்கள். பாலத்துக்கு முந்திய கடைத்தெருவிலும் ஒரு கும்பல் நின்றது.

அந்தப் பழைய ஹில்மன் காருக்கு வேறொரு வண்டியின் பெல் ஹவுசிங்கை யாரோ மாட்டியிருந்தார்கள். என்ஜினையும் கியர் பாக்ஸையும் சேர்த்துப் பிடிக்கிற கூடு அது. இரண்டின் நடுவும் மயிரிழை விலகினாலும் கியர் பாக்ஸைத் தின்றுவிடும். ஃப்ளைவீலில், விலகலை ஊசியில் காட்டும் டயல் கேஜைக் கட்டி, கையால் மெல்லச் சுற்றி, கூட்டை நிறுத்தும் இரண்டு முளைகளையும் இம்மி இம்மியாகத் திருப்பி, இப்போதுதான் ஊசியை ஆடாமல் நிற்க வைத்திருந்தான்.

டிரைவர் வரவில்லையா என்று கேட்டான். அவனை லீவில் அனுப்பிவிட்டதாகச் சொன்னார் பஞ்சநதம். தானே ஓட்டப் போகிறாராம், ஒருத்தருக்கும் தெரியக் கூடாதாம்.

சாட்சி வேண்டாம் என்று பார்க்கிறார், என்று நினைத்துக்கொண்டான் நீலமேகம்.

“எம் பயலுவளே எம் பேச்சக் கேக்கறதில்லப்பா. இத நானே போயிதான் முடிக்கணும்” என்றார் அவர்.

நீலமேகம் முளைகளை எதிர்ப்பக்கம் திருப்பினான். ஊசி பேயாட்டம் ஆடியது. இத்தனை வருஷத் தொழிலில் முதல் தடவையாகத் தப்பைத் தெரிந்தே உள்ளே வைத்து, கியர் பாக்ஸை ஏற்றி, போல்ட்டுகளை முடுக்கினான். கண்ணில் முட்டிய நீரை எண்ணெய்க் கையாலேயே துடைத்தான்.

கிளம்பும்போது ஒன்றும் தெரியாது. கடைத்தெருவை எட்டுவதற்குள் உள்ளே தண்டைத் தாங்கும் புஷ் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். கியர் விழாது. வண்டி அங்கேயே நின்றுவிடும். அதற்குள் தம்பிக்கு எப்படியாவது சேதி அனுப்பிவிடலாம்.

வண்டியைக் கீழே இறக்கிவிட்டு எழுந்தான். பஞ்சநதம் அவன் முகத்தையே பார்த்தார்.

“நடுவுல எங்கயும் நின்னுடாதே?”

“நிக்காதுங்க ஐயா.”

தெருக்கோடியில் ஆட்களின் கூச்சல் கேட்டது. பஞ்சநதம் பதறிப்போய் ஏறி, என்ஜினைக் கிளப்பினார். அது பூப்போல ஓடியது. அவர் இறங்கிப் போய் நெல் அறையின் கதவைத் திறந்து, உள்ளே இருட்டைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

“வெளிய வா தங்கையா, வண்டிய ஒங்க அண்ணனே சரி பண்ணிட்டான்.”