விபத்துக் காரணம்: சட்னி

மதுரை நோயாளிக்குப் பொருத்த வேண்டிய இதயம் பெட்டியில் காத்திருக்க, ஹெலிகாப்டர் கிளம்ப மறுத்தது. திரையில் எழுத்து ஓடியது: "வரப்போகும் விபத்துக்குக் காரணம்: காலையில் மனைவியோடு போட்ட சண்டை. சமாதானமாகிவிட்டு வரவும்."

"அந்தக் காலத்துல பனிமூட்டம், மின்கம்பின்னு கௌரவமான காரணத்துக்கு விழுந்தோம்யா!" என்று தலையில் அடித்துக்கொண்டார் கேப்டன் தேவசகாயம்.

"எனக்குப் போன வாரம் மாமியார், சார். நாப்பது தடவை மன்னிப்புக் கேட்டேன்," என்றார் துணை விமானி இளம்பரிதி. "போனைப் போடுங்க."

போட்டார். "ரோஸி, சட்னியில உப்பு சரியாத்தான் இருந்துச்சு."

"நீங்களா சொல்றீங்களா, அந்த மெஷின் சொல்லச் சொல்லுதா?"

"மெஷின்தான். சட்னி கடல் மாதிரி கரிச்சுது. ஆனா அங்க ஒரு உசுரு காத்திருக்கு, ரோஸி."

"அதை முதல்ல காப்பாத்துங்க. சண்டையைச் சாயங்காலம் வச்சுக்கலாம்."

இறக்கை சுழன்றது. திரையில் புதிய வரி வந்தது: "போவதற்கு மட்டும் அனுமதி."