மூன்றாம் அடியின் எதிரொலி

1989. மறுநாள் என் மனைவி ரோசரியின் முதலாண்டு நினைவுத் திருப்பலி. அவள் விரும்பிய பாடலைச் சிலிபின் வட்டாரத்து என் வீட்டில் பழகிக்கொண்டிருந்தேன். காலால் மிதித்து இயக்கும் புதிய கிட்டார் பெடல் பெட்டியின் பல ஒலிகளுள், வாசித்ததை அப்படியே திருப்பித் தரும் எதிரொலியைத் தேர்ந்திருந்தேன். சிறுவயதில் சுங்காய்த் தோட்டத்து மாதா கோயிலில் பழகிய, சுரத்தை நீட்டும் இழுவை பாட்டின் மூன்றாம் அடியில் வந்துவிட்டது. உயிரோடிருந்தவரை அவள் திருத்திவந்த பிழை அது.

எதிரொலியில் இழுவை இல்லை.

பேஸ் கிட்டாரோடு அமர்ந்திருந்த நண்பன் பெர்னார்ட் நிமிர்ந்தான்.

"மச்சான், நீதான் இழுத்தே. பெட்டி இழுக்கல லா. அதுக்கு உன்னவிட நல்லா பாட்டு தெரியுது."

"இன்னொரு தடவ போலாம்," என்றேன்.

எதிரொலியைப் பின்பற்றினேன். ஏழாம் முறை இழுவை நீங்கியது. இறைவனுக்கு நன்றி கூறிக் கைகூப்பினேன். பெடலின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்முறை எதிரொலி வரவில்லை.