எதிரொலிப் பாடம்

பேருந்து ஏரிக்கரையில் நின்றது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒன்றுகூட இடத்தைவிட்டு எழவில்லை.

மிரெயா டீச்சர் கடற்கரை ஊரில், மீனவர் வீட்டில் பிறந்தவள். தண்ணீரைக் கண்ட பிறகும் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளை அவள் பார்த்ததில்லை.

சோய்லாதான் முதலில் இறங்கினாள். பிள்ளைகள் அவளுடைய சால்வையையும் பாவாடையையும் பிடித்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினார்கள். தமாரிஸ் வழக்கம்போல அவள் கையைப் பற்றியிருந்தாள்.

செப்டம்பரில் மிரெயா இந்த மலையூருக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்தே சோய்லா வகுப்போடு இருந்தாள். துணைக்கு வரும் அம்மா. எல்லாப் பள்ளியிலும் அப்படி ஒருத்தி இருப்பாள், அதில் கேட்க என்ன இருக்கிறது? தமாரிஸ் அவளைவிட்டு நகராததால், தமாரிஸின் அம்மா என்று மிரெயா எடுத்துக்கொண்டாள்.

மைதானத்தைக் கயிற்றால் அளந்த அன்று சோய்லா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். நவம்பரில் இறந்தவர்களின் நாளுக்காக, ஊர் வழக்கப்படி எல்லாரும் ரொட்டிக்கடைக்குப் போய் மாவில் குழந்தைப் பொம்மைகள் செய்தார்கள். வெந்து வந்ததும் பிள்ளைகள் தங்கள் பொம்மைகளைத் தலையிலிருந்து கடித்துத் தின்றார்கள். சோய்லா தன்னுடையதைத் துணியில் சுற்றி எடுத்துப்போனாள்.

பள்ளித் தோட்டத்தில் மொச்சை முளைத்தபோது குருவி கொத்தாமல் பகல் முழுக்கக் காவல் இருந்ததும் அவள்தான்.

ஆண்டு முடிகிறது, எங்கே போகலாம் என்று மிரெயா கேட்ட அன்று வகுப்பு அதிர்ந்தது. வெந்நீர் ஊற்று என்றார்கள், விமான நிலையம் என்றார்கள். பின் பெஞ்சிலிருந்து சோய்லா ஏரி என்றாள்.

சத்தம் அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு யாரும் வேறு இடம் சொல்லவில்லை.

தலைமையாசிரியர், சோய்லாவும் வருகிறாளா என்று கேட்டார். ஏரி என்று சொன்னதே அவள்தான் என்றாள் மிரெயா. அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி, போய்விட்டு வாருங்கள் என்றார்.

அவிந்துபோன எரிமலையின் வாயில் தேங்கிய ஏரி அது. சுற்றிலும் செங்குத்துப் பாறை. தண்ணீர் கறுப்பாக, அசையாமல் கிடந்தது.

மிரெயா செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால்வரை இறங்கி நின்று பிள்ளைகளைக் கூப்பிட்டாள். யாரும் வரவில்லை. சால்வையைப் பிடித்திருந்த கைகள் இன்னும் இறுகின.

அப்போது சோய்லா, பேர் சொல்லலாமா என்று பிள்ளைகளிடம் கேட்டாள். ஒவ்வொருவராகக் கரையோரம் வந்து சத்தமாகச் சொல்ல வேண்டும்.

மிரெயாவுக்குச் சந்தோஷம். எதிரொலிப் பாடம் பாக்கி இருந்தது. சுவரில் எறிந்த பந்து எப்படித் திரும்பி வருகிறது என்று அவள் விளக்க ஆரம்பிப்பதற்குள் பிள்ளைகள் வரிசை கட்டிவிட்டார்கள். இடித்துத் தள்ளவில்லை. வகுப்பில் பெயர் கூப்பிடும் அதே வரிசை.

அநாஹி முதலில் கத்தினாள். பாறை அந்தப் பெயரை வாங்கி, ஏரியைச் சுற்றிக்கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தது. அது அடங்கிய பிறகே அடுத்த பிள்ளை முன்னால் வந்தது.

எலியானுக்குப் பிறகு யாரும் கத்தவில்லை.

அடுத்து நின்ற கிளேவர் நகரவில்லை. எல்லாரும் தண்ணீரையே பார்த்தார்கள். சோய்லா கண்ணை மூடி, தலையைச் சற்றே சாய்த்திருந்தாள்.

மிரெயா வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"யார் முறை? வெக்கப்படாம சொல்லுங்க."

யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கேட்டுவிட்டதுபோல சோய்லா மெல்லத் தலையசைத்தாள். கிளேவர் முன்னால் வந்து தன் பெயரைக் கத்தினான்.

அதன்பின் பிள்ளைகள் பிள்ளைகளானார்கள். சோய்லா மூட்டையை அவிழ்த்து அவித்த சோளமும் உருளைக்கிழங்கும் கொடுத்தாள். அடித்துப் பிடித்துத் தின்றார்கள். திரும்பும் வழியெல்லாம் அவள் பேருந்தில் வாயைத் திறந்தபடி தூங்கினாள். அந்த வருடத்தில் எந்தப் பயணத்திலும் அவள் கண்ணயர்ந்து மிரெயா பார்த்ததில்லை.

வழியில் சக்கரம் பஞ்சராகி, ஊர் வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ரோஜாத் தோட்டத்தில் வேலை முடிந்து வந்த பெண்கள் பள்ளி வாசலில் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி தமாரிஸை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"எம் பொண்ணு ரொம்பத் தொல்லை குடுத்தாளா டீச்சர்?"

மிரெயா அவளைப் பார்த்தாள். பிறகு, தெருமுனையில் தனியாகப் போய்க்கொண்டிருந்த சோய்லாவைப் பார்த்தாள்.

குனிந்து, சோய்லா யாருடைய அம்மா என்று தமாரிஸிடம் கேட்டாள்.

ஜெய்ரோவின் அம்மா என்றாள் தமாரிஸ்.

அப்படி யாரும் நம் வகுப்பில் இல்லையே என்றாள் மிரெயா.

ஒன்றாம் வகுப்பில் தங்களோடு இருந்தான் என்றாள் அவள். விடுமுறையில் அவனும் அவன் அப்பாவும் ஏரியில் படகில் போனார்கள். அப்பாவை மறுநாளே எடுத்துவிட்டார்கள். அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

தமாரிஸ் மிரெயாவைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"அவன் மெதுவாத்தான் பேசுவான் டீச்சர். உங்களுக்குக் கேட்டிருக்காது."