போருக்கு ஓடிபி

போர் வேண்டும் என்று போனில் ஓட்டுப் போட்ட நாளிலிருந்து தணிகைவேல் டீக்கடையில் வேறு யாரையும் பேச விடவில்லை. எதிரி ஒருத்தனையும் உயிரோடு விடக்கூடாது என்று மேசையைத் தட்டித் தட்டிக் கத்தினார்.

அன்று காலை பொங்கலில் கை வைத்தபோது போன் அடித்தது.

"ஐயா, எல்லையிலேருந்து சிப்பாய் சேவியர் பேசறேன். எதிர்ல ஒருத்தன் நிக்கிறான். உங்க போனுக்கு ஓடிபி வந்திருக்கும் பாருங்க. ஓட்டுப் போட்டவங்க அதைச் சொன்னாத்தான் துப்பாக்கி சுடும்."

ஆறு எண்கள் வந்திருந்தன. தணிகைவேல் ஒரு வாய் பொங்கலை விழுங்கி இருமினார். பொங்கலில் மிளகு அதிகம் என்று மனைவி மரகதத்தை முறைத்தார்.

"அவன் என்ன பண்றான் தம்பி?"

"அவனும் காதுல போனை வச்சிக்கிட்டு நிக்கிறான். சீக்கிரம் சொல்லுங்க ஐயா."

மரகதம் கையில் சட்னிக் கரண்டியோடு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு பேங்க்ல சொல்லியிருக்காங்களே தம்பி," என்றார் தணிகைவேல்.

சேவியர் எதிரில் நின்றவனிடம் சத்தம் போட்டு ஏதோ கேட்டான். பிறகு போனுக்குத் திரும்பினான்.

"அவங்க ஊர் ஐயாவும் அதையேதான் சொல்றாராம். சரி ஐயா, நாங்க ரெண்டு பேரும் டீ குடிக்கப் போறோம்."